மாத்திரைக் கவுன்ட்டரை மட்டும் வைத்து இ.எஸ்.ஐ.யை எடைபோடலாமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தொடங்கி ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரை ஒரே பேச்சைக் கேட்கலாம்: “இ.எஸ்.ஐ.க்குப் பிடிச்ச காசு போன காசுதான்.” இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள், பதிலுக்குக் கிடைப்பது டிஸ்பென்சரியில் நாலு மாத்திரை என்பதுதான் பலரின் கணக்கு. அதனால்தான், “பிடித்தம் எதுவும் இல்லை, முழுச் சம்பளமும் கையில்” என்று கான்ட்ராக்டர் சொன்னால் அது பெரிய சலுகையாகத் தெரிகிறது. சலுகைதான், ஆனால் யாருக்கு என்பதைச் சம்பளச் சீட்டே சொல்லிவிடும். 15,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், ரூபாய்க்கு முழுமையாக்கினால் 113. முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய். இந்தத் தொகையைத் தொழிலாளியின் கூலியில் கழிக்கக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. ஆக, பிடித்தம் இல்லையென்றால் தொழிலாளிக்கு மிஞ்சுவது 113. எதிர்த்தரப்புக்கு மிஞ்சுவது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இ.எஸ்.ஐ.யை வெறும் மருந்துக்கடையாகப் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அது முதலில் கூலிக்கான காப்பீடு. உழைக்கிற வீட்டில் நோய் வந்தால் மருந்துச் செலவு ஒரு அடி, நின்றுபோகும் சம்பளம் இன்னொரு அடி. கந்துவட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். நோயில் படுத்தவருக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய்க் கூலி என்றால் 350 ரூபாய்; 91 நாளுக்கு 31,850. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களில் ஒன்று வந்து, அவர் இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்தவர் என்றால், அதன்பிறகு 80 சதவீதமாக உயர்த்தி இரண்டு ஆண்டு வரை தருகிறார்கள். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையில் விரல் நசுங்கினால், குணமாகும்வரை 90 சதவீதம். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வீட்டிலிருந்து ஷிப்டுக்குப் போகும் வழியில் பைக் மோதினாலும் அது வேலைவிபத்தாகவே கணக்கில் வரும். இப்படிப்பட்ட வேலைவிபத்தில் இறந்துபோனால் மனைவி மக்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இத்தனைக்கும் மாதம் 113 ரூபாய்!

டிஸ்பென்சரியில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, மருந்து இருப்பில்லை என்கிறார்கள் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் குறைகளுக்காகச் சண்டை போட வேண்டும், தொழிற்சங்கங்கள் இன்னும் உரக்கப் போட வேண்டும். ஆனால் டிஸ்பென்சரியை நடத்துவது மாநில அரசு. நோய்க்காலக் கூலியைத் தருவது இ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகம். மருத்துவர் தரும் சான்றைக் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதல் வாசலில் பட்ட கசப்பில் இரண்டாவது வாசல் இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த அறியாமைக்குத் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமில்லை. சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது நிர்வாகம்.

பிரைவேட் பாலிசி மேல் என்ற வாதமும் உண்டு. நல்ல ஆஸ்பத்திரி அறை வேண்டும் என்பவருக்கு அது மேலாகவே இருக்கலாம். ஆனால் சாதாரண மெடிக்ளைம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். படுத்திருக்கும் மாதத்துக்கு அரிசி வாங்கப் பணம் தராது. அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். தனியாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காக்க வைக்கலாம். இ.எஸ்.ஐ. சிகிச்சைக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லை, பழைய நோய் என்று தள்ளுவதும் இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு இந்த விலையில் இன்னொன்று சந்தையில் இல்லை.

அடிக்கடி கம்பெனி மாறுகிறவருக்கு இதனால் என்ன பயன் என்பார்கள். கம்பெனி மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றேதான். நோய்க்காலக் கூலி பெற, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையோ, அக்டோபர் முதல் மார்ச் வரையோ உள்ள ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா ஏறியிருந்தால் போதும். “முழுச் சம்பளம் கையில்” என்று வாங்கும் ஒவ்வொரு மாதமும் இந்த நாள்கணக்கைத்தான் தின்கிறது. 10 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்றாலே இ.எஸ்.ஐ. கட்டாயம், அது முதலாளி பார்த்துப் போடும் பிச்சை அல்ல. அடுத்த சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.