ஐம்பதாயிரத்தில் ஐரோப்பா: யாருக்கு சார் கதை விடுறீங்க?

"ஐம்பதாயிரத்தில் ஐரோப்பா!", "பாக்கெட் மணியில் பாரிஸ்!", "காலேஜ் முடிப்பதற்குள் தனியாக ஏழு நாடு!" இப்படியெல்லாம் தலைப்பு வைத்து எழுதுபவர்களையும் வீடியோ போடுபவர்களையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. உங்க கணக்கு எந்த இடத்திலிருந்து சார் ஆரம்பிக்குது?

பெரும்பாலும் விமானம் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஹாஸ்டலில் பங்க் படுக்கை, சூப்பர் மார்க்கெட் ரொட்டி, ராத்திரி பஸ்ஸில் தூக்கம், குழாய்த் தண்ணீர். எல்லாம் நல்ல யோசனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் முதன்முதலில் எழுதி வைத்தவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினாலே கதவு திறக்கும் நாட்டுக்காரர்கள். நம் ஆட்கள் அதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டு, விசா என்ற அத்தியாயத்தை மட்டும் "டாக்குமெண்ட்ஸ் ரெடியா வெச்சுக்கோங்க" என்ற ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். அந்த ஒரு வரிதான் என் போன்ற ஆளுக்கு முழுப் புத்தகம்.

(பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காரவும்.)

முதலில் நேர்மையாக ஒரு கணக்கு போடுவோம். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், பெருக்க வசதி. பன்னிரண்டு நாள், ஒரே நாடு, ஜெர்மனி என்று வையுங்கள். விமானம், தங்கல், சாப்பாடு எல்லாம் என் உத்தேசம். சீசனைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

1. பாஸ்போர்ட்: 1,500 ரூபாய்.
2. ஷெங்கன் விசா: 90 யூரோ. 2024 ஜூன் 11 வரை 80 ஆக இருந்தது. ஆக 9,000 ரூபாய்.
3. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம்: தோராயமாக 2,000.
4. பயண மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. பிரீமியம் ஒரு 1,500.
5. சென்னையிலிருந்து போய்வர விமானம்: 55,000.
6. தங்கல்: ஹாஸ்டலில் ஒரு படுக்கை 30 யூரோ வீதம் 36,000.
7. சாப்பாடு, சில்லறைச் செலவு: நாளுக்கு 20 யூரோ வீதம் 24,000.
8. ஊர் விட்டு ஊர் போக, ஜெர்மனியின் மாதச் சீட்டு: 2026-ல் 63 யூரோ. 6,300.

கூட்டிப் பாருங்கள். 1,35,300 வரும். எவ்வளவு கிள்ளினாலும் ஒரு லட்சத்துக்குக் கீழே இறக்குவது குதிரைக்கொம்பு. ஐம்பதாயிரத்தில் ஐரோப்பா என்றால் பாதி வழியில் பாராசூட் கட்டிக் குதிக்க வேண்டும் :-)

தொகையைக் கண்டு எனக்குக் கோபமில்லை. ஒன்றரை லட்சமாகும் என்று சொன்னால் பார்ட் டைம் வேலை பார்த்து மூன்று வருஷம் சேர்ப்போம். கோபம் முதல் நான்கு வரிகள் மேல். வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே 14,000 ரூபாய். அதில் விசாவுக்கும் சேவைக்கும் கட்டிய 11,000, "இல்லை" என்று பதில் வந்தால் திரும்பாது. போனது போனதுதான்.

எத்தனை பேருக்கு "இல்லை" வருகிறது? 2024-ல் இந்தியாவிலிருந்து சுமார் 11 லட்சம் ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1 லட்சத்து 65 ஆயிரம் நிராகரிக்கப்பட்டன. நூற்றுக்குப் பதினைந்து. பழைய கட்டணமான 80 யூரோவிலேயே பெருக்கினாலும் 1 கோடியே 32 லட்சம் யூரோ. குழந்தைகளுக்கான சலுகையையெல்லாம் கழித்துக்கொண்டாலும் நூறு கோடி ரூபாயை ஒட்டி வரும். ஈபிள் கோபுரத்தின் நிழலைக்கூடப் பார்க்காதவர்கள் கட்டிய பணம் இது. நம்மூர் ஓட்டலில் "இட்லி தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு பில்லை நீட்டினால் சும்மா இருப்போமா?

"பரிசீலிக்கவும் செலவாகுமே?" என்பார்கள். ஆகும். அந்தச் செலவை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். அல்லது ஒரு வருஷத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் பாதிக் கட்டணம் என்று வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் நெம்மேலிக் கடற்கரையில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடு நன்றாக இருந்த வாரத்தில் கையில் நல்ல காசு புரளும். ஏலத்தில் ரொக்கம், டீசலுக்கு ரொக்கம், வலைக்கு ரொக்கம். சேமிப்பு என்றால் சீட்டு, இல்லையென்றால் வீட்டம்மாவின் காதில் தோடு. அவருடைய பையனோ பெண்ணோ முதல் தலைமுறையாகக் காலேஜ் படித்து, டியூஷன் எடுத்து, ஒன்றரை லட்சம் சேர்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விசா போதுமா?

போதாது. உன் கணக்கில் பணம் எப்படி வந்தது? சம்பளச் சீட்டு எங்கே? படிக்கிறாயா, சரி, செலவை ஏற்பவர் யார்? அப்பாவா? அவருடைய வருமான வரிக் கணக்கு எங்கே? கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு எங்கே? சீட்டு எடுத்த காசு என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கையில் பணம் இருப்பது வேறு, காகிதத்தில் பணம் இருப்பது வேறு. ஷெங்கன் கதவு காகிதத்துக்குத்தான் திறக்கும்.

இதற்குப் பேர் தனிப் பயணமாம்! தனியாகப் போவது நாம், ஆனால் விசா கேட்டு நிற்பது அப்பாவின் வரிக்கணக்கு. வரி கட்டும் அப்பா வாய்க்கப்பெற்றவர்களுக்கு மட்டுமே இந்த "தைரியமாக தனியா கிளம்பு" உபதேசம் பொருந்தும். அதைச் சொல்லிவிட்டு உபதேசம் செய்யட்டும், நான் கைதட்டுகிறேன்.

அடுத்த வேடிக்கை, சிக்கனமும் விசாவும் எதிரும் புதிருமாக நிற்பது. சிக்கனப் பயணத்தின் முதல் பாடம் "முன்கூட்டி எல்லாம் பதியாதே, போகிற போக்கில் மலிவாகக் கிடைப்பதை எடு" என்பது. விசாவின் முதல் பாடம் "ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பாய் என்று இன்றே சொல்" என்பது. பிரான்சின் விதியைப் பாருங்கள். ஓட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 120. நாளுக்கு ஐம்பது யூரோவில் வாழத் தெரிந்தவனுக்கு மரியாதை கிடையாது. நூற்றிருபது காட்டத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. விளைவு என்ன? "டம்மி டிக்கெட்" வியாபாரம், ரத்து செய்வதற்கென்றே போடும் ஓட்டல் பதிவு, நாலு நாளைக்குக் கணக்கில் பணம் போட்டு வட்டி வாங்கும் ஏஜெண்டுகள். விதியைப் போடுபவர்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்?

இதில் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போலி வங்கிக் கணக்கு, இரவல் இருப்பு, பொய் வேலைக் கடிதம் இவற்றின் பக்கமே போகாதீர்கள். பிடிபட்டால் ஒரு பயணத்தோடு முடியாது, அடுத்த விண்ணப்பங்களிலும் துரத்தும். ஏஜெண்ட் கமிஷனை வாங்கிக்கொண்டு டாட்டா காட்டிவிடுவார். பாஸ்போர்ட் நம்முடையது.

நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாமே என்று ஒரு புத்திசாலி கேட்பார். செய்யலாம். ஜெர்மனியில் முன்பு தூதரகத்துக்கே இலவசமாக ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அதை உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு போட வேண்டும். பன்னிரண்டு நாள் ஊர் சுற்ற ஆசைப்பட்ட நெம்மேலி மாணவன் பெர்லினில் வக்கீல் வைக்கப் போகிறானாக்கும்!

சலுகையே கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு தளர்வு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு இரண்டாண்டு விசா, அதன் பிறகு ஐந்தாண்டு. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே போய் வந்தவனுக்குத்தான் கதவு அகலமாகிறது. முதல்முறை தட்டுகிறவனுக்குத் தாழ்ப்பாள் பழையபடிதான்.

இப்போது வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் திரும்புவோம். எங்களுக்கு வடக்கே கோவளம். 1720-களில் இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரத்துக் கம்பெனி அங்கே கடை விரித்திருந்தது. தெற்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் இன்னமும் இருக்கின்றன. இன்னும் கீழே போனால் தரங்கம்பாடி, 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய ஊர். பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க் மூன்றும் இன்று ஷெங்கன் நாடுகள். அவர்கள் யாரும் ஆறு மாத வங்கிக் கணக்கோடு வந்து இறங்கவில்லை. "திரும்பிப் போவாயா?" என்ற கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டிய காலம் அது!

பழங்கதை வேண்டாம், இன்றைக்கு வருவோம். பெரும்பாலான ஐரோப்பிய நாட்டவர் வீட்டிலிருந்தபடியே போட்டோவையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் ஏற்றி, 30 நாள் இ-விசாவை 25 டாலருக்கு வாங்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர்தான். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சாவகாசமாகத் தோசை சாப்பிடும் ஐரோப்பிய மாணவன் என்னைவிடப் பணக்காரன் என்பதில்லை. அவனும் ஹாஸ்டல் கேஸ்தான். அவன் அரசாங்கம் அவனுக்குக் கொடுத்த அட்டை வேறு, அவ்வளவே. அதோடு 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தேர்ந்தெடுக்கும் 18 வயதுக்காரர்களுக்கு இலவச ரயில் பாஸ் வேறு கொடுக்கிறது. ஊர் சுற்றினால் பிள்ளைகளுக்குப் புத்தி விசாலமாகும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஆடம்பரமா?

நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். நாமும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. கடற்கரைக் கோயிலைப் பார்க்க நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு! லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருவோருக்கு 22 யூரோவை 32 ஆக்கியபோது நாம் முணுமுணுத்தால், அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க உரிமை உண்டு. ஆனால் 600 ரூபாய் கொடுத்தவன் கோயிலைப் பார்க்கிறான். 9,000 கொடுத்து நிராகரிக்கப்பட்டவன் எதைப் பார்த்தான்?

"முதலில் ஹம்பியைப் பார், தஞ்சாவூரைப் பார்" என்று சொல்பவர்களும், "கல்யாணம் ஆனப்புறம் ஜோடியா போய்க்கோ" என்று பக்கத்துத் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளிடம் மாலை சாத்தச் சொல்லும் அத்தைகளும் ஒரே கட்சி. 1931 டிசம்பரில் கிளம்பிப் பதினோரு மாதம் ஐரோப்பாவையும் ரஷ்யாவையும் சுற்றினாரே பெரியார், அவர் ஊரில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டா கிளம்பினார்? காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார் போகாமல் இருந்திருந்தால், எத்தனை தமிழ் வாசகர்களுக்கு வெளிநாடு வெறும் மேப்பாகவே இருந்திருக்கும்? யார் போகிறார்களோ அவர்கள்தான் வந்து எழுதுகிறார்கள். காகிதம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே போனால், அவர்கள் கண்ணால் மட்டுமே நாம் உலகத்தைப் பார்ப்போம். எனக்கு உறுத்துவது அதுதான்.

சரி, என்னதான் செய்வது? திட்டம் போடும் நண்பர்களுக்கு நான் சொல்வது:

- ஏழு நாட்டு ஆசையை விடுங்கள். ஒரே நாடு, இரண்டு மூன்று ஊர். விண்ணப்பமும் தெளிவாக இருக்கும், செலவும் அடங்கும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விசா கேட்க வேண்டும்.
- இன்றே உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, டியூஷன் காசோ சீட்டுக் காசோ, மாதாமாதம் அதில் போடுங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து விழும் பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.
- கிளம்புவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். விசா கையில் வருமுன் ரத்து செய்ய முடியாத டிக்கெட் வாங்காதீர்கள்.
- 11,000 ரூபாய் போனால் தாங்குமா என்று முதலிலேயே யோசியுங்கள். தாங்காது என்றால் இந்த வருஷம் வேண்டாம். கந்துவட்டிக்கு வாங்கிப் போக ஐரோப்பா எங்கும் ஓடிவிடாது.

பயணம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி தொகை போட்டால் விசா, காப்பீடு, நிராகரிப்பு அபாயம் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். விசா விண்ணப்பத்தில் அப்பா என்ன வேலை என்று எழுதினீர்கள் என்பதையும் போடுங்கள். பாதிப் பேரின் "சாகசம்" அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

கடைசியாக ஒரு தகவல். இந்த விசாவுக்கே பெயர் கொடுத்த ஷெங்கன், லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்னக் கிராமம். எல்லைச் சோதனைகளை ஒழிப்பதற்கான ஒப்பந்தத்தை 1985 ஜூன் 14 அன்று அங்கேதான் ஒரு கப்பலில் வைத்துக் கையெழுத்திட்டார்கள். 2020 முதல் அந்த நாட்டில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம், வெளிநாட்டுக்காரன் உட்பட. அந்த இலவச பஸ்ஸில் ஏற நெம்மேலிக்காரனுக்கு ஆகும் செலவைத்தான் மேலே கணக்குப் போட்டிருக்கிறேன்.

டிஸ்கி: கட்டணங்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏஜெண்ட் சொன்னார் என்று மட்டும் நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.