காரைக்கால் ரோட்டுக் குழிகளும் கேட்பாரற்ற கண்டிராக்டுகளும்

காரைக்கால் புதுச்சேரி சர்க்காரைச் சேர்ந்த பிரதேசமானாலும், மூன்று பக்கம் தமிழ்நாட்டாலும் ஒரு பக்கம் கடலாலும் சூழப்பட்டுத் தனியே கிடக்கின்றது. சுமார் 160 சதுர கிலோ மீட்டர் பரப்பு. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இரண்டு லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். ஒரு முனிசிபாலிடியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. இவ்வளவு சிறிய ஒரு பிரதேசத்தில் ரோடுகளைக் குழியில்லாமல் வைத்திருப்பது மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. ஆனாலும் ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால், ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஜனங்கள் படுகின்ற அவஸ்தை அங்கு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைக் கேட்டால் அதிகாரிகள் மழையின்மேல் பழியைப் போடுகின்றார்கள். இந்த மழை நேற்று இன்று வந்ததல்ல. காவிரிக் கடைமடையில் வருஷத்து மழையில் பெரும்பாகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கின்றது. பூமியோ வண்டல் களிமண். நனைந்தால் இளகும், காய்ந்தால் வெடிக்கும். வாஞ்சூரில் 2009 முதல் நடந்து வருகின்ற துறைமுகத்திலிருந்து நிலக்கரி முதலிய சரக்குகளை ஏற்றிக்கொண்டு பெரிய லாரிகளும் ஓடுகின்றன. தார் ரோட்டுக்குத் தண்ணீர்தான் முதல் சத்துரு என்பது எஞ்சினீயர் வேலைக்குப் படிக்கின்ற பையனுக்குக்கூடத் தெரியும். ஆகவே, சொல்லிவைத்தாற்போல் வருஷந்தோறும் வருகின்ற மழையை எதிர்பாராத விபத்து என்று சொல்லுவது, ராத்திரி வந்ததால் இருட்டாய்விட்டது என்று விளக்கேற்றும் கூலி வாங்குகிறவன் சொல்லுவது போன்றதேயாகும்.

நிற்க, குழி எப்படி அடைக்கப்படவேண்டும்? உடைந்த இடத்தைச் சுற்றி, கெட்டியான பாகம் வரும்வரையில் சதுரமாய் வெட்டியெடுக்க வேண்டும். தண்ணீரையும் புழுதியையும் அடியோடு நீக்க வேண்டும். பிறகு பிடிப்புக்காகத் தாரைத் தடவி, சூடான தார் ஜல்லிக் கலவையைப் போட்டு, ரோட்டுமட்டத்துக்கு இறுகும்படி உருளைவிட்டு அழுத்த வேண்டும். இப்படிச் செய்த அடைப்பு வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் நாம் கண்ணால் காண்பதென்ன? தண்ணீர் தேங்கிய குழியிலேயே செங்கல் துண்டையும் கட்டிட இடிபாட்டையும் கொட்டுகின்றார்கள். அல்லது ஆறிப்போன கலவையை மண்வெட்டியால் போட்டு முதுகால் தட்டிவிட்டுப் போகின்றார்கள். அடுத்த மழைக்கு அது கரைந்து போகின்றது. மறுபடியும் எஸ்டிமேட், மறுபடியும் டெண்டர், மறுபடியும் பில்!

கண்டிராக்ட் முறையே இதற்கு இடங்கொடுக்கின்றது. முதலில் எஞ்சினீயர் எஸ்டிமேட் போடுகின்றார். டெண்டர் கேட்கப்படுகின்றது. குறைந்த தொகைக்குக் கேட்டவருக்கு வேலை போகின்றது. சர்க்கார் பணத்தில் சிக்கனம் என்று இதற்குப் பெயர். ஆனால் கட்டுப்படியாகாத தொகைக்கு வேலையை எடுத்தவர் அந்த நஷ்டத்தை எங்கே ஈடு செய்வார்? தாரிலும் ஜல்லியிலும் கனத்திலும்தானே? அவர் அந்த வேலையை இன்னொருவரிடம் தள்ளிவிட்டால், நடுவில் நின்றவர் லாபமும் ரோட்டிலிருந்தே போக வேண்டும். கடைசியில், எத்தனை நீளம், எத்தனை கனம் என்று எழுதப்படும் அளவுப் புஸ்தகத்தின்பேரில்தான் பணம் பட்டுவாடாவாகின்றது. கறுப்பாய்க் கிடக்கின்ற தாருக்கு அடியில் என்ன இருக்கின்றதென்று அந்தப் புஸ்தகம் எழுதினவருக்கும் கண்டிராக்டருக்கும் தெரியுமே தவிர, வரி கொடுத்தவனுக்குத் தெரியாது.

இதிலுள்ள பெரிய பைத்தியக்காரத்தனம் என்னவென்றால், குழியை அடைப்பதற்குப் பணம் கொடுக்கின்றோமே ஒழிய, குழி விழாமல் இருப்பதற்குப் பணம் கொடுப்பதில்லை என்பதாகும். குழி இருந்தால்தான் வருமானம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, குழி ஏன் குறையவில்லை என்று கேட்பதில் அர்த்தமென்ன? வேறு வழியில்லையா என்றால், தாராளமாய் இருக்கின்றது. 2000-ல் இந்திய சர்க்கார் ஆரம்பித்த பிரதம மந்திரி கிராம ரோட்டுத் திட்டத்தில், ரோடு போட்ட கண்டிராக்டரே ஐந்து வருஷம் அதைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை இலாகா பொள்ளாச்சிப் பக்கத்தில் ரோடு இன்ன தரத்தில் இருந்தால்தான் பணம் என்ற நீண்டகாலக் கண்டிராக்டைச் செய்து பார்த்தது. அர்ஜெண்டைனா தேசத்தில் 1990-களிலேயே இம்மாதிரி முறை வந்துவிட்டது. ஆகையால் இது புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையல்ல.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாரைப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, வீடுகள் பள்ளமாகி, மழைத்தண்ணீர் ஏழைகள் வீட்டுக்குள் புகுகின்ற கொடுமையும் இருக்கின்றது. தமிழ்நாட்டில் 2021-ல் சீஃப் செக்ரட்டரியே, பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாய்ப் போடவேண்டும் என்று உத்திரவு போடும்படியாயிற்று. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கின்ற காரைக்காலுக்கு இவ்விதி இன்னும் அவசியம்.

இவையெல்லாவற்றையும் கேட்க வேண்டியவர்கள் யார்? ஜனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய கவுன்சிலர்கள்தான். ஆனால் அந்தக் கவுன்சிலர்கள் எங்கே? 1880-லேயே பிரஞ்சு சர்க்கார் கொம்யூன்களை ஏற்படுத்திய பூமி இது. 1968-க்குப் பின் 38 வருஷம் கழித்து 2006-ல்தான் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. அதற்குப்பின் பத்து வருஷம் கடந்தும் தேர்தலில்லை. காலாவதிக்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லுகின்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியது. 2021-ல் தேதிகூடக் குறித்தார்கள், அதுவும் நின்றுபோயிற்று. எனவே எஸ்டிமேட் போடுகின்றவரும் அதிகாரி, சாங்ஷன் செய்கின்றவரும் அதிகாரி, வேலை சரியென்று கையெழுத்துப் போடுகின்றவரும் அதிகாரி. கவுன்சிலர்களெல்லாம் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கண்டிராக்டருடன் கூட்டுச் சேர்ந்த கவுன்சிலர்களை எந்த ஊரிலும் காணலாம். ஆனால் அயோக்கியக் கவுன்சிலரை ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆபீசை எங்கே அனுப்புவது?

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய சங்கதியல்ல. 2013 முதல் 2017 வரையில் இந்தியாவில் ரோட்டுக் குழிகளால் செத்தவர்கள் 14,926 பேர் என்ற கணக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. ஒருவன் குழியில் விழுந்து செத்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "தலைவிதி" என்கின்றார்கள், "ஏழரைச்சனி" என்கின்றார்கள். திருநள்ளாறு இருக்கின்ற பிரதேசத்தில் கேட்கவா வேண்டும்? 2025 மார்ச்சு 29-ந் தேதி ஒரு பஞ்சாங்கப்படி பெயர்ந்துவிட்ட சனி, அக்கோவில் பஞ்சாங்கப்படி அன்று பெயரவேயில்லை! இப்படித் தேதியே நிச்சயமில்லாத ஒரு கிரகத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், தேதியும் கையெழுத்தும் போட்டு வேலையை ஒப்புக்கொண்டவன் தப்பித்துக்கொள்ளுகின்றான். சனிப்பெயர்ச்சிக்கு வருகின்ற லட்சக்கணக்கான யாத்திரீகர்களுக்காகக் கூட்டம் போட்டு ரோட்டைப்பற்றிப் பேசுகின்ற அதிகாரிகள், தினமும் வயலுக்கும் மீன் துறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகின்றவர்களுக்காகவும் சேரித் தெருக்காரர்களுக்காகவும் ஏன் கூட்டம் போடக்கூடாது?

ஆகவே, முதலாவது, ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் உடனே நடக்கவேண்டும். இரண்டாவது, ரோடு போட்டவரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டுமென்றும், குழி விழுந்தால் இத்தனை நாளுக்குள் அடைக்காவிட்டால் டிப்பாசிட்டில் பிடிக்கப்படுமென்றும் கண்டிராக்டில் எழுதவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு தெருமுனையிலும் தொகை, கனம், கண்டிராக்டர் பெயர், பொறுப்பு முடியும் தேதி ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

ஜனங்களும் சும்மா இருக்கக்கூடாது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, வேலையை நேரில் பார்வையிடவும், அளவுப் புஸ்தகத்துக்கு நகல் கேட்கவும், போட்ட சாமானில் அத்தாட்சி செய்த மாதிரி எடுத்துக்கொள்ளவும்கூட ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, ரோட்டை விதிப்படி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் கண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம் என்கின்றது. இவற்றை உபயோகிக்க யாருடைய அனுக்கிரகமும் வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக் காகிதமும் கொஞ்சம் மானமும் இருந்தால் போதும். குழி விதியால் விழுந்ததல்ல. மனிதர் செய்த காரியத்தால் விழுந்தது. மனிதரைக் கேட்டால்தான் அது மூடும்.