ரத்னகிரியில் ஒரு பர்மா ராஜா

போன மாதம் புனேயிலிருந்து குடும்பத்தோடு ரத்னகிரி போயிருந்தோம். மாம்பழ ஊர் என்று சொல்லித்தான் வீட்டில் கிளப்பினேன். எனக்கென்னவோ திபா அரண்மனையைப் பார்க்க வேண்டும்.

திபா, பர்மாவின் கடைசி மன்னர். 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்ததும் அவரையும் ராணி சுபயாலத்தையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கப்பலேற்றினார்கள். முதலில் வைத்திருந்தது நம்ம மதராஸில். மூன்றாவது இளவரசி பிறந்ததே அங்கேதான். 1886-இல் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். நான்காவது பெண் இங்கே பிறந்தாள். கடலைப் பார்த்த இந்த அரண்மனைக்கு அவர்கள் குடிவந்தது 1910-இல். ஆறே வருடம், 1916-இல் மன்னர் போய்விட்டார்.

1919-இல் குடும்பத்தை ரங்கூன் திரும்ப விட்டார்கள். அதற்குள் குடும்பம் கிளை கிளையாகப் பிரிந்தாகிவிட்டது. இரண்டாவது பெண் வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு கடைசியில் காலிம்போங்கில் வாழ்ந்தாள். நான்காவது பெண் ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கேட்டு வெள்ளைக்காரனுக்கு எழுதினாள், மௌல்மேனுக்கு அனுப்பிவிட்டார்கள். மூத்தவளுக்கு அரண்மனைக் காவலாளி ஒருவரோடு உறவு, ஒரு மகள். ரங்கூன் போனவள் ரத்னகிரிக்கே திரும்பி வந்து, 1947-இல் வறுமையில் இறந்தாள். அந்த மகள் மராத்திக்காரியாகவே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, வாழ்ந்து முடித்தாள்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு 'உச்' கொட்டுவார்கள். ராஜா பேத்திக்கா இந்த கதி என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உண்மையான கொடுமை அதற்கு முந்தைய முப்பது வருடம். பெண்களுக்கு வெளி உலகம் கிடையாது. ராஜ வம்சத்து மாப்பிள்ளைதான் வேண்டும். அப்படி ஒருவன் ரத்னகிரியில் எங்கே கிடைப்பான்? சிறை வைத்தது வெள்ளைக்காரன் என்றாலும், உள்தாழ்ப்பாள் போட்டது வம்சப் பெருமை. பேத்தி செய்ததெல்லாம் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து தெருவுக்கு வந்ததுதான்.

நம் ஆட்களும் இருபது வருடம் புனேயில் இருந்துவிட்டு, நம்ம பக்கத்து, நம்ம ஜாதி வரன்தான் வேண்டும் என்று அலைவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த அரண்மனைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் ஒன்று உறுத்தியது. அங்கிருந்த பெரியவர் மராத்தியில் விறுவிறுவென்று கதை சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒன்பது வயது மகள்தான் மொழிபெயர்த்தாள், ஹிந்தியில்! தமிழில் சொல்லுடா என்றதும் திணறினாள்.

அவள் மராத்திக்காரியாவதில் எனக்கு வருத்தமில்லை. தமிழ் போனால் வருத்தம்தான். திபாவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. நம்மை யாரும் நாடு கடத்தவில்லை. சென்னைக்குத் தினமும் ரயில் இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ் பேச யார் அனுமதியும் தேவையில்லை. பேசாதது நான்தான்.

இப்போது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தமிழ் மட்டும்தான் என்று வைத்திருக்கிறோம். முதல் வாரம் சாப்பாட்டு மேஜை ரொம்ப அமைதியாக இருந்தது. இப்போது பரவாயில்லை, தமிழிலேயே சண்டை போடுகிறாள்.