நீர்க்கண்டமுள்ள பிள்ளை

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்கு நாம் அமர்ந்திருந்தபோது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்நோக்கியிருக்கும் எமது மகன் ஒரு விண்ணப்பஞ் செய்தான். நண்பர் அறுவர் கித்துல்கலைக்குச் சென்று, களனி கங்கையில் றப்பர்த் தெப்பமேறி வரப்போகின்றனராம், தானும் செல்லவேண்டுமாம். இடியப்பத் தட்டை ஏந்தி வந்த இல்லத்தரசியார் அதனை மேசைமீது வைத்த ஓசையே பாதி விடையாயிற்று. மீதி விடை எம்மை நோக்கி வந்தது.

“இஞ்சருங்கோ, இவனுக்குத் தண்ணியிலை கண்டமெண்டு சாத்திரியார் சொன்னது உங்களுக்கு மறந்துபோச்சோ?”

மறக்கவில்லை. பதினெட்டாண்டுகளாக அக்குறிப்பு எமது வீட்டிற் சட்டம் போலவே ஆட்சி செய்கிறது. வெள்ளவத்தையிற் கடலோரத்து இரயிற் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும், பிள்ளை முழங்கால் நனையக் கடலில் இறங்கியதில்லை. நீந்தவும் அறியான். அன்று மாலைக்குள் செய்தி கொட்டாஞ்சேனையிலுள்ள எமது தமக்கையாருக்கும் எட்டியது. அவரும் தாயின் கட்சியிற் சேர்ந்துகொள்ள, வழக்கு எம்மிடம் தீர்ப்புக்கு வந்தது.

உண்மையைச் சொல்லுமிடத்து, நீதி வழங்கும் தகுதி எமக்கு இருக்கவில்லை. காரணத்தை இன்றுதான் முதன்முறையாக வெளியிடுகின்றோம். இல்லத்தரசியாரும் இப்பத்தியைப் படித்தே அறியப்போகின்றார். இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளின் முன், பல்கலைக்கழக மாணவராயிருந்த நாம் எண்மர், ஹற்றனிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில், அதே கித்துல்கலைப் பக்கம் வாகனத்தை நிறுத்திக் குளிக்க இறங்கினோம். நீர் முழங்காலளவே. பளிங்குபோலத் தெளிந்திருந்தது. வானத்தில் ஒரு முகிலுமில்லை. கால்மணி நேரஞ் சென்றிராது. நீர் தொடையைத் தொட்டது. பின் இடுப்பைத் தொட்டது. எமக்கு அருகில் நின்ற நண்பர் பாசி படிந்த கல்லில் வழுக்கிச் சென்றதைக் கண்டோம், கையை நீட்டினோம், எட்டவில்லை. கீழே, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களக் கிராமத்தவர் ஒருவர் நீண்ட மூங்கிற் கழியொன்றை நீட்டி அவரைப் பிடித்து இழுத்தார். அவர் பெயரைக்கூட நாம் கேட்டறியவில்லை. ஊர் திரும்பும்வரை எவரும் பேசவுமில்லை; பெற்றோரிடம் எவரும் சொல்லவுமில்லை.

மழையின்றி ஆறு எவ்வாறு பெருகும் என்னும் கேள்விக்கு விடையறிய எமக்குப் பல ஆண்டுகள் சென்றன. எம்மவர் பலருக்கு ஆற்றின் குணம் தெரியாமைக்கு ஓர் ஏதுவும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் வற்றாத ஆறென்று ஒன்றில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உளது. கிணறும் குளமும் கேணியுமே நாம் அறிந்த நீர். அவை நின்றவிடத்தில் நிற்பவை. ஆழம் அறிந்தோர்க்கு அச்சமில்லை. ஆறோ நேற்றிருந்தவாறு இன்றிராது.

களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளிற் பிறந்து, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்திற் கடலிற் கலக்கின்றது. கொட்டாஞ்சேனைத் தமக்கையாரின் வீட்டுக்கு அது தொலைவன்று. அம்பத்தலையில் அந்நீரையே எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பாருக்குக் குழாய்வழி அனுப்புகின்றனர். தெப்பத்தில் ஏற மறுப்போரும் அவ்வாற்றைத்தான் நாள்தோறும் குடிக்கின்றனர்! மேலே கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு கிளைகளும் அணைகளால் மறிக்கப்பட்டுள்ளன. முன்னதிற் காசல்ரீ நீர்த்தேக்கம். பின்னதில் மவுசாகலை நீர்த்தேக்கம். இரண்டும் 1960களில் எழுந்தவை. மவுசாகலையின் நீர் வற்றும் காலங்களில், மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிற் கட்டடம் தலைகாட்டுவதை மலையகத்து உறவினர் சென்று பார்த்து வந்து சொல்வர். இந்நீர்த்தேக்கங்களின் நீர் லக்சபானா, பொல்பிட்டிய முதலான மின்நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றில் விழுகின்றது. இவ்வேற்பாட்டைக் கனவு கண்டு 1918 இலேயே கட்டுரை எழுதியவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. ஆகவே, கொழும்பில் மின்விளக்குகளுக்கும் அடுப்புகளுக்கும் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும்போது மலையில் நீர் திறந்துவிடப்படும். கித்துல்கலையில் ஆறு உயரும். அன்று நண்பரை இழுத்தது வானத்து மழையன்று. மேலே திறந்துவிடப்பட்ட நீரே அதுவென்பது எமது துணிபு.

நாமும் உடன் செல்வதென்றும், சென்று பார்த்தபின்பே தீர்ப்பென்றும் முடிவாயிற்று. அவிசாவளை, கரவனல்லை, யட்டியாந்தோட்டை கடந்து கித்துல்கலையை அடைந்தபோது காலை எட்டரை மணி. முதனாள் இரவு மலையிற் பெருமழை. ஆறு தேநீர் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. தெப்பமோட்டி, முப்பது வயது மதிக்கத்தக்க அவ்வூர் இளைஞர், கரையில் ஒரு பாறையை உற்றுப் பார்த்தார், மேலேயுள்ள ஒருவருடன் தொலைபேசியிற் பேசினார், பின் எம்மிடம் வந்து, கொச்சைத் தமிழில், “இப்ப வேணாம் ஐயா. பதினொரு மணிக்குப் பார்ப்போம்” என்றார். பிள்ளைகள் முகம் வாடினர். எமக்கோ அந்தக் கணத்திற்றான் அம்மனிதர்மீது நம்பிக்கை பிறந்தது. காசு கையில் வந்து நிற்கும்போது வேண்டாமென்று சொல்லத் தெரிந்தவனிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

காத்திருந்த வேளையில் அவர் எமக்கு ஆற்றை வாசிக்கக் கற்பித்தார். நாற்பது வயது தாண்டிய எமக்கு அது புதிய அரிச்சுவடி. இரண்டு பாறைகளினிடையே நீர் வழுவழுப்பாக, முனை கீழ்நோக்கிய நாக்குப்போலச் சென்றால் அது வழி. முனை மேல்நோக்கி நீர் பிளந்தால், அங்கே நீரடியிற் பாறையுண்டு. பெரிய பாறையின் பின்புறத்தில் நீர் மேல்நோக்கித் திரும்பி அமைதியாகச் சுழலும். அதுவே தெப்பம் ஓய்வெடுக்குமிடம். நீர் பாறைமேல் ஏறி மறுபுறம் செங்குத்தாய் விழுமிடத்திலோ, விழுந்த நீர் திரும்பித் திரும்பி உருளும். விழுந்தவனை விடாது பிடித்துவைப்பது அதுவே. விரைவோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கின்றனர். கித்துல்கலையிலுள்ளவை பெரும்பாலும் இரண்டும் மூன்றுமாம். ஆறாந்தரமென்பது எமனுடைய வகுப்பு.

ஒரு செய்தியைப் பெற்றோர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் விழுந்தவன் எழுந்து நிற்க முயலலாகாது. கால் பாறையிடுக்கில் அகப்பட்டால் நீரோட்டம் உடலை முன்னே தள்ளி முகத்தை அமிழ்த்திவிடும். முழங்காலளவு நீரிலும் இது நேரும். நீரின் விரைவு இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் படித்தோர் அறிவர். மல்லாந்து படுத்து, பாதங்கள் ஓட்டத்தின் திசையை நோக்க, கால்விரல்கள் நீர்மேற் தெரிய மிதந்து, அமைதியான சுழலை அடைந்தபின்பே கரையை நாடவேண்டும். எமது நண்பர் அன்று செய்ததோ இதற்கு முற்றும் எதிர்மாறு.

பதினொன்றரைக்கு நீர் சற்று இறங்கியது. உயிர்காப்பு அங்கியின் வார்களை இளைஞர் ஒவ்வொருவருக்கும் தாமே இழுத்துப் பார்த்தார். தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்தார். நாம் கரையிலிருந்து பார்ப்பதாகவே எண்ணமிருந்தது. மகன் எம்மைப் பார்த்த பார்வையில், ஏறிவிட்டோம்.

ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். முதலாவது இறக்கத்தில் தெப்பத்தின் முன்பகுதி மறைந்தது, மகனும் மறைந்தான். கண்ணைத் துடைத்தபோது துடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தான். “முன்னே!” என்றாற் துடுப்புப் போடவேண்டும், “உள்ளே!” என்றாற் தெப்பத்தினுள் குந்தவேண்டும். நாம் “முன்னே”க்குக் குந்தி, “உள்ளே”க்குத் துடுப்புப் போட்டோம். இறக்கங்களுக்கு ஆங்கிலத்திற் பயங்கரப் பெயர்கள் சூட்டியுள்ளனர். தலைவெட்டி என்பதொன்று, விலாக்கூடு என்பது மற்றொன்று. இரண்டிலும் எமது தலையும் விலாவும் தப்பின.

இடையில் ஆறு சாந்தமாகும் ஓரிடத்தில் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் திரைப்படத்துக்கென டேவிட் லீன் மரப்பாலமிட்டுத் தகர்த்த இடத்தைக் காட்டினர். 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்ற படம் அது. மெய்யான சீயம்-பர்மா இரயிற் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்ததை அப்படத்திற் காணமுடியாது. பிள்ளைகளுக்கு அதனைச் சொன்னோம். சிறிது நேரம் துடுப்புகள் அசையவில்லை.

அதற்குக் கீழேதான் நாம் அஞ்சிய காட்சியைக் கண்டோம். பாறைகளின்மீது பத்துப் பன்னிரண்டு பேர், சிறுவரும் உட்பட, குளித்துக்கொண்டிருந்தனர். அங்கியில்லை, கயிறில்லை, ஒருவர் கையிற் போத்தல் இருந்தது. எமது தெப்பமோட்டி உரத்த குரலிற் சிங்களத்தில் ஏதோ கூவினார். “தண்ணி ஏறும், கரைக்குப் போங்க என்றேன்” என்று எமக்கு விளக்கினார். அவர்கள் கையசைத்துச் சிரித்தனர். எந்தத் தாயும் அவர்களுக்கு விடைகொடுக்கும்போது கண்டத்தைப் பற்றிப் பேசியிராள், குளிப்புத்தானே என்றிருப்பாள்.

தெப்பமோட்டிக்கு வேறொரு கவலை. பிரோட்லண்ட்ஸ் என்னும் 35 மெகாவாட் நீர்மின் திட்டம் அண்மைய ஆண்டுகளில் மேலே எழுந்துள்ளது. அணை கட்டி, நீரைச் சுரங்கவழியே திருப்பும் திட்டமாதலால், கட்டத் தொடங்கியபோதே விரைவோட்டங்கள் வற்றிவிடுமென்று இத்தொழிலினர் அஞ்சினர். இப்பகுதிக்கென நீர் விடப்பட்டாற்றான் தெப்பம் ஓடும். அதனை நம்பியே கரையோரத்துக் குடும்பங்கள் பல அடுப்பேற்றுகின்றன. எமக்கு மின்சாரமும் வேண்டும். அவருக்குச் சோறும் வேண்டும். வெள்ளவத்தையில் விசிறியின்கீழ் இருந்து இதனை எழுதும் நாம் இவ்வழக்கில் நடுநிலையாளரல்லர்.

வீடு திரும்பியதும் இல்லத்தரசியார் முதலில் மகனைத் தலை முதற் கால்வரை தடவிப் பார்த்தார். பின், “இனிப் போகமாட்டான்தானே?” என்றார். கண்டமுள்ள பிள்ளைக்குத்தான் நீச்சல் முதலிற் தெரிந்திருக்கவேண்டும் என்றோம். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், நீச்சல் வகுப்புக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் மகன் தடாகத்தின் ஆழ்பக்கத்திற் பயில்கின்றான். நாமும் ஓரத்தில், இடுப்பளவு நீரில், ஏழு வயதுச் சிறார் நால்வரோடு கம்பியைப் பிடித்துக் கால் உதைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருத்தி சென்ற வாரம் எமக்கு மூச்சை எப்போது விடவேண்டும் என்று கற்பித்தாள்.