கருத்தடை மாத்திரை: பாதுகாப்பு யாருடைய கடமை?

அகத்தியமலை அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில் உள்ள போனக்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று அகத்தியர்கூடம் மலையேற்றம். மற்றொன்று 'பேய்ப் பங்களா' என்று பெயர் எடுத்துவிட்ட, வெள்ளைக்காரத் துரையின் பாழடைந்த வீடு. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைத் தேடி வருவோர் குறைவு. நிர்வாகம் கைவிட்ட தோட்டம், ஓடாத தொழிற்சாலை, ஒழுகும் லயங்கள், கைக்கு வராத ஊதிய நிலுவை, பணிக்கொடை ஆகியவை குறித்தாவது தொழிற்சங்க மேடைகளில் பேசப்பட்டிருக்கிறது. பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. இத்தகைய லயத்தில் வாழும் ஓர் இளம் தாய், அடுத்த குழந்தையை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட விரும்பினால், அவர் யாரிடம் போவார்?

இது குடும்ப விவகாரம், இயக்கத்தின் விவகாரம் அல்ல என்று கருதும் தோழர்கள் இருக்கக்கூடும். மாத்திரை பாதுகாப்பாக இருப்பதற்கு என்னென்ன தேவை என்று பார்த்தால், இது எவ்வளவு தூரம் தொழிலாளர் உரிமைப் பிரச்சனை என்பது விளங்கும்.

அரசு இலவசமாக வழங்கும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். ஒரு நாள் மறந்தால், நினைவு வந்தவுடன் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வழக்கம்போல் தொடரலாம். அடுத்தடுத்து இரண்டு நாட்களோ அதற்கு மேலோ விட்டுப்போனால், மாத்திரையைத் தொடர்வதுடன் ஏழு நாட்களுக்கு ஆணுறையும் தேவை. முதல் சில மாதங்களில் குமட்டல், இடையிடையே சிறு உதிரப்போக்கு ஏற்படுவது இயல்பு. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மாதவிடாய் உதிரப்போக்கு குறைவதால் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இம்மாத்திரை நன்மையும் செய்கிறது. பால்வினை நோய்களிலிருந்து மட்டும் இது பாதுகாப்பு தராது.

ஆனால் எல்லோருக்கும் இம்மாத்திரை பொருந்தாது. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு கொண்டவர்கள், இதயநோய், பக்கவாதம், மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் கண்டவர்கள், பார்வை மங்கல் போன்ற அறிகுறிகளுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகாத, பாலூட்டும் தாய்மாருக்கும் இது உகந்ததல்ல. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், சில வலிப்பு நோய் மருந்துகளும் இதன் பயனைக் குறைத்துவிடும். மாத்திரை உட்கொள்பவருக்குக் கடும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, கடுமையான தலைவலி, பார்வைக் கோளாறு, ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ தோன்றினால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும்.

பாலூட்டும் தாய்மாருக்கு மாற்று வழி உண்டு. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய, ஹார்மோன் அல்லாத மாத்திரை இன்று 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்திற்கு இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை உட்கொண்டால் போதும்.

மேற்கண்ட எச்சரிக்கைகளைப் பின்பற்றுவதற்கு என்ன வேண்டும்? இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அதைப் பார்த்து எழுதும் ஒரு பணியாளர், பெண்ணின் நோய் வரலாற்றை அவரது தாய்மொழியிலேயே பொறுமையாகக் கேட்கும் ஒருவர், மாதம் தவறாமல் வந்து சேரும் அடுத்த அட்டை. நகரத்தில் இவை சில நிமிட வேலை. காட்டுப் பாதையில் விதுராவுக்கு இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டிய பெண்ணுக்கு அப்படியல்ல. அட்டை தீர்ந்து நான்கு நாள் கழித்து அடுத்தது கிடைத்தால், அது 'மறதி' என்று அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது. உண்மையில் தவறியது விநியோகம்.

மாத்திரை நிச்சயமில்லாத இடத்தில் மிஞ்சுவது அறுவைச் சிகிச்சை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை உட்கொள்பவர்கள் 5.1 சதவீதம், ஆண்களின் அறுவை 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாக அறுவை செய்யப்பட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது.

மாத்திரையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1956இல் அமெரிக்க ஆதிக்கத்தில் உள்ள போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம், இன்றைய அளவைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள மாத்திரை சோதிக்கப்பட்டது. பக்கவிளைவுகள் அதிகம் என்று அங்கு பணியாற்றிய பெண் மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எச்சரித்தும் பொருட்படுத்தப்படவில்லை. 1970இல் அமெரிக்க செனட் சபை மாத்திரையின் ஆபத்துகளை விசாரித்தபோது, அதை உட்கொண்ட பெண் ஒருவர்கூட சாட்சியாக அழைக்கப்படவில்லை. பெண்கள் அவையிலேயே எழுந்து குரல் எழுப்பினர். அதன் பின்னரே மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைக் குறிப்பு வைப்பது அங்கு கட்டாயமானது. அந்தத் துண்டுக் காகிதம் போராடிப் பெற்றது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்ணிடம் அது ஆங்கிலத்தில் தரப்பட்டால், அந்த வெற்றி அவரை இன்னும் எட்டவில்லை என்றே பொருள்.

பாட்டாளி வர்க்க இயக்கத்துக்கு இது புதிய பொருளும் அல்ல. 1913இல் லெனின், வறுமைக்கு மருந்து பிள்ளை பெறாமையே என்ற நியோ-மால்தூசிய வாதத்தைக் கடுமையாகச் சாடினார். அதே கட்டுரையில், கருத்தடை குறித்த மருத்துவ அறிவைப் பரப்பத் தடைவிதிக்கும் சட்டங்களை நிபந்தனையின்றி நீக்கவேண்டும் என்றும் கோரினார். தமிழ் மண்ணில் பெரியார், நாட்டின் மக்கள்தொகையைக் காரணம் காட்டாமல், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்ப ஆட்சி வேண்டும் என்று வாதாடினார்.

மருத்துவ வசதி அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. நிர்வாகமே வெளியேறிவிட்ட தோட்டத்தில் அக்கடமை அரசின் தோளில்தான் விழும். அதை நிறைவேற்றும் கைகள் ஆஷா பணியாளர்களுடையவை. 2025 பிப்ரவரியில் இதே திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் மதிப்பூதிய உயர்வு கேட்டு அமர்ந்தார்கள். அவர்களுடைய ஊதியமும் லயத்துப் பெண்ணின் பாதுகாப்பும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். எந்த அரசாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2015இல் மூணாறு பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுத் தெருவுக்கு வந்தது, தங்கள் குரல் கேட்கப்படவில்லை என்பதால்தான். அந்தப் பாடம் இங்கும் பொருந்தும். கைவிடப்பட்ட தோட்டங்களுக்கு மாதந்தோறும் நடமாடும் மருத்துவக் குழு, இரத்த அழுத்தச் சோதனை, தமிழில் அச்சிட்ட குறிப்பு, மூன்று மாதத்துக்குரிய அட்டைகள் முன்கூட்டியே கையிருப்பு, ஆண்களுக்கும் ஆணுறை மற்றும் எளிய அறுவை பற்றிய விளக்கம்: இந்த ஐந்தும் ஊதிய நிலுவையோடு சேர்த்து சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அப்பட்டியலை எழுதும் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் லயத்துப் பெண்களே.