முப்பது ஆட்டம் ஆடியது எதற்கு?

லீக் முழுக்க ஆடி முதலிடம் பிடித்த அணியை, கடைசி வாரத்தில் தோற்றதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். கிரிக்கெட்டைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பாலைச் சொல்கிறேன். 2025-ல் அலபாமாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மாப்பிள்ளை புண்ணியத்தில் இந்தப் பைத்தியம் என்னையும் பிடித்துக்கொண்டது.

அங்கே கல்லூரிகள் 'கான்பரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. வார இறுதியில் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம். ஒரு நாள் நூறு பந்து எறிந்த பிட்சர் மறுபடி முழுசாக எறிய அநேகமாக அடுத்த வாரம் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு சூரப்புலியை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. மூன்று நல்ல பிட்சர்கள் வேண்டும். இப்படி வாரக்கணக்கில் ஆடிய பிறகு மே மாதக் கடைசியில் கான்பரன்ஸ் டோர்னமென்ட். 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி இடம் இந்த டோர்னமென்டில் ஜெயித்தவனுக்குத்தான், லீக்கில் முதலாவதாக வந்தவனுக்கு இல்லை! மீதி இடங்களுக்கு ஒரு கமிட்டி ஆள் பொறுக்கும்.

பெரிய கான்பரன்ஸுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தென்கிழக்குக் கான்பரன்ஸ், அதாவது எஸ்.இ.சி., 1998 முதல் பர்மிங்ஹாம் பக்கத்து ஹூவரில்தான் டோர்னமென்டை நடத்துகிறது. 2025-ல் 16 அணிகளையும் சேர்த்து, ஒரு தோல்வி என்றால் வெளியே என்று விதியை மாற்றினார்கள். 30 லீக் ஆட்டத்தில் 22 ஜெயித்து முதலாவதாக வந்த டெக்சஸ், ஹூவரில் முதல் ஆட்டத்திலேயே டென்னசியிடம் தோற்றது. கோப்பை வாண்டர்பில்ட்டுக்கு. அதனால் என்ன? அந்தக் கான்பரன்ஸிலிருந்து 13 அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின, டெக்சஸும்தான். கடைசியில் தேசிய சாம்பியன் ஆனது ஹூவரில் அரையிறுதியில் தோற்ற எல்.எஸ்.யு.! அங்கே டோர்னமென்ட் ஒரு திருவிழா. அடுத்த வாரத்துக்காக நல்ல பிட்சரை ஒளித்து வைக்கும் பயிற்சியாளர்களும் உண்டு.

சின்ன கான்பரன்ஸின் கதை வேறு. கமிட்டி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரே ஒரு இடம்தான் வரும், அதுவும் டோர்னமென்ட் வழியாக. சில இடங்களில் இரண்டாவது தோல்வி வரை விடுகிறார்கள், சரி. ஆனால் இரண்டு தோல்வி என்பது இரண்டு நாள் சமாசாரம். லீக்கில் கொடிகட்டிப் பறந்த அணி வியாழன், வெள்ளியில் சறுக்கினால் சனிக்கிழமை மூட்டை கட்ட வேண்டியதுதான். கூடைப்பந்தில் ஆறுதலுக்கு இன்னொரு தேசியப் போட்டியாவது இருக்கிறது. பேஸ்பாலில் அதுவும் இல்லை. கடைசி வருடப் பையன்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் கடைசி ஆட்டம். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்ட்டும் முன்பு 40 சுற்று இருந்தது, 2021 முதல் 20 சுற்றாகிவிட்டது.

"பின்தங்கிய அணிக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா மாமா? அதுதானே சுவாரசியம்" என்றார் மாப்பிள்ளை. வாய்ப்பு கொடுக்காமலா இருந்தார்கள்? ஒவ்வொரு வார இறுதியும் வாய்ப்புதானே! நம் ஐ.பி.எல்.லில்கூட முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு பிளே-ஆஃபில் ஒரு தோல்வி மன்னிக்கப்படுகிறது. வியாபாரத்துக்காகவே நடக்கும் போட்டியில் இருக்கிற நியாயம் கல்லூரிகள் நடத்தும் போட்டியில் இல்லை.

டோர்னமென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் விற்கட்டும், டி.வி.யில் காட்டட்டும், ஜெயித்தவனுக்குக் கோப்பையும் கொடுக்கட்டும். தேசியப் போட்டிக்கான அந்த ஒரு சீட்டை மட்டும் லீக்கில் முதலாவதாக வந்தவனிடம் கொடுங்கள். நடக்காத காரியம் இல்லை. கலிபோர்னியாவின் பிக் வெஸ்ட் கான்பரன்ஸ் நீண்ட காலம் டோர்னமென்ட் இல்லாமல் அப்படித்தான் அணியை அனுப்பிக்கொண்டிருந்தது. 2025-ல் அவர்களும் டோர்னமென்ட் ஆரம்பித்துவிட்டார்கள்.