அடங்கலில் இல்லாத பெயர்

தை மாதம் டெல்டா பக்கம் போனால் பார்க்கலாம். சம்பா கதிர் முற்றி நிற்கும். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போதே அந்தப் பயிருக்குள் இறங்கி உளுந்து தெளிப்பார்கள். மண் மெழுகு பதத்தில் இருந்தால் போதும், உழவு வேண்டாம். மிச்ச ஈரத்திலும் பனியிலும் முளைத்து, நெல் போன பிறகு வயலை மூடி வளரும். வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். (அறுவடை இயந்திரத்தின் தடத்தில் முளைகள் நசுங்குவது தனிக்கதை.)

இதைத்தான் 'மூடுபயிர்' என்று கருத்தரங்குகளில் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். பேசட்டும். தெளித்த கை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், நம் தெருக்காரர், ஒன்றரை ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நான்கு வருடம் விடாமல் உளுந்து போட்டார். ஐந்தாவது வருடம் நிலக்காரர் குத்தகையை ஏற்றினார். கொடுக்க முடியவில்லை, நிலம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. “மண்ணு நல்லா கனிஞ்சு வந்துச்சு தம்பி, அதான் கூடக் கேக்குறாங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உளுந்தில் கைக்கு வரும் பயறு ஒரு லாபம். அடுத்த போகத்துக்காக மண்ணில் தங்குவது இன்னொன்று. அதை அனுபவிக்க அடுத்த வருடமும் அதே வயலில் நிற்க வேண்டும். அந்த உறுதி இல்லாதவருக்கு மண்வளப் பாடம் நடத்துவது, என்னைக் கேட்டால், திமிர்.

சட்டம் இருக்கிறது. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25. அடுத்த ஆண்டே, 1969இல், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் பதியக் கேட்டால் மறுநாளே வயலில் இறங்க விடமாட்டார்கள் என்று அக்கா பயந்தார். பதியாததால் அடங்கலில் அவர் பெயர் ஏறவில்லை. பயிர் மூழ்கிய வருடம் நிவாரணமும் நிலக்காரர் கணக்குக்கே போனது.

தோழர்களே, 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இன்று குத்தகைக்கு உழுகிறவர்களை நாமும் கணக்கில் எடுப்பதில்லை. மாணவர்கள் கிராமக் கணக்கெடுப்புக்குப் போகும்போது, “நிலம் இருக்கா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். யார் நிலத்தை எத்தனை வருடமாக உழுகிறார், குத்தகைக்கு ரசீது உண்டா, அடங்கல் யார் பெயரில் என்று இன்னும் மூன்று கேள்விகளைப் படிவத்தில் சேருங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து மனு கொடுத்தால், ஒருவரை மட்டும் குறிவைத்து வெளியேற்றுவது அத்தனை சுலபமில்லை.